தொப்புள் கொடி ரத்த ஹார்மோன்களும் பச்சிளங்குழந்தையின் வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பிறந்து, கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டியதும், நஞ்சுக்கொடிப் பக்கம் மிஞ்சும் துண்டிலிருந்து 5 மில்லி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாளில் ஒரு தாள் வருகிறது. அதில் சில பெயர்கள், சில எண்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகளையும், ரத்தம் எடுக்கும் செவிலியர்களும் லேப் ஊழியர்களும் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ஹார்மோன்களில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை விளக்குகின்றன. உங்கள் குழந்தைக்கு நாளைக்கே சிகிச்சை தொடங்க வைக்கக்கூடியது, தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஒன்றுதான்.

கொடியில் ஓடுவது அம்மாவின் ரத்தமா, குழந்தையின் ரத்தமா?

குழந்தையின் ரத்தம். இருவர் ரத்தமும் நஞ்சுக்கொடியில் மெல்லிய திசுவின் இருபுறமும் ஓடுகின்றன, கலப்பதில்லை.

வெட்டிய கொடியின் முனையைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெண்மையான கூழுக்கு நடுவே மூன்று குழாய்கள் தெரியும். அகலமாக, மெல்லிய சுவரோடு தொய்ந்து கிடப்பது சிரை. நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனும் சர்க்கரையும் குழந்தைக்குப் போகும் வழி அது. சின்னதாக, தடித்த வெள்ளைச் சுவரோடு சற்றே துருத்திக்கொண்டிருக்கும் இரண்டும் தமனிகள். குழந்தையிடமிருந்து திரும்பும் ரத்தம் அவற்றில் போகிறது.

அம்மாவின் இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன், டி.எஸ்.எச். ஆகியவை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் குறிப்பிடும்படி போவதில்லை. தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஓரளவு போகும். உடல் அழுத்தத்தின்போது கூடுதலாகச் சுரக்கும் கார்டிசாலின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி வழியிலேயே செயலிழக்கச் செய்துவிடும். சர்க்கரை மட்டும் தாராளமாகக் கடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே புரியும்.

குழந்தை எவ்வளவு பெரிதாகப் பிறக்கும் என்பதை வளர்ச்சி ஹார்மோன்தானே தீர்மானிக்கிறது?

பெயரைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொடி ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் நிறையவே இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஏற்பிகள் கருவில் இன்னும் முதிரவில்லை. அந்த ஹார்மோன் சுரக்காத குழந்தைகள்கூட ஏறக்குறைய சராசரி எடையோடும் நீளத்தோடும்தான் பிறக்கிறார்கள். வளர்ச்சி பின்தங்குவது பெரும்பாலும் பிறந்து பல மாதங்கள் கழிந்த பிறகே வெளிப்படும்.

கருவறைக்குள் வேலை செய்பவை மூன்று: இன்சுலின், இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணிகளான ஐ.ஜி.எஃப்.-1, ஐ.ஜி.எஃப்.-2. கணையம் உருவாகாததால் இன்சுலினே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிகவும் சிறுத்துப் பிறக்கிறார்கள். ஐ.ஜி.எஃப்.-1 மரபணுவின் ஒரு பகுதியே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி 1996-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நிறைமாதத்தில் பிறந்தும் அவன் எடை 1.4 கிலோதான். ஐ.ஜி.எஃப்.-2 அளவுக்கு மீறி வேலை செய்தால் பெக்வித்-வீடமன் நோய்க்குறியில் வருவதுபோல் நாக்கும் உடலும் பெருத்துப் பிறக்கும். அது அடங்கிப்போனால் சில்வர்-ரஸ்ஸல் நோய்க்குறியில் வருவதுபோல் குழந்தை சிறுத்துப் பிறக்கும்.

பொதுவாகப் பார்த்தால், கொடி ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்.-1 கூடக் கூடப் பிறப்பு எடையும் கூடுகிறது. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டம் தராத குழந்தைகளில் அது குறைந்திருக்கும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 என்ற புரதம் கூடியிருக்கும். உணவு வரத்து குறையும்போது வளர்ச்சியை நிறுத்தி மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை ஏன் பெரிதாகிறது? இனிப்பு சாப்பிட்டதாலா?

இனிப்பு மட்டும் காரணமில்லை. சோறும் இட்லியும் தரும் சர்க்கரையும் சேர்ந்துதான். அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். ஆனால் அம்மாவின் இன்சுலின் கூடவே போக முடியாது. எனவே குழந்தையின் கணையமே இரட்டிப்பாகச் சுரந்து சமாளிக்கிறது. கருவில் இன்சுலின் என்பது சர்க்கரையை இறக்கும் மருந்து மட்டுமல்ல, உடலைக் கட்டும் ஹார்மோனும்கூட. கொழுப்பு, கல்லீரல், இதயத் தசை எல்லாம் பருக்கின்றன. டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் அதுவே அடிப்படை.

எடை கூடும் இடத்தையும் கவனிக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் தலையை விடத் தோளும் வயிறும்தான் பெருக்கின்றன. தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதனால்தான் வருகிறது. 4 கிலோ எடையுள்ள இரு குழந்தைகளில், அம்மாவுக்குச் சர்க்கரை உள்ள குழந்தையின் பிரசவம்தான் அதிகம் சிக்கலாகிறது.

இதைப் பெரிய அளவில் சோதித்தது 2008-இல் வெளியான ஹாப்போ ஆய்வு. 9 நாடுகளில் 15 மையங்கள், 23,316 கர்ப்பிணிகள். கணையம் இன்சுலினோடு கூடவே வெளிவிடும் சி-பெப்டைடைக் கொடி ரத்தத்தில் அளந்து, 1.7 மைக்ரோகிராம்/லிட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் இன்சுலின் அதிகம் என்று கணக்கிட்டார்கள். அம்மாவின் சர்க்கரை ஏற ஏற அதுவும் ஏறியது. "இதுவரை பாதுகாப்பு, இதற்கு மேல் ஆபத்து" என்று பிரித்துக் காட்டும் கோடு எங்கும் இல்லை. அதனால்தான் "பார்டர்லைன்தான், பரவாயில்லை" என்று விட்டுவிடுவதை நாங்கள் ஏற்பதில்லை.

தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் பரிசோதனை சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் பரவியது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கலந்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து 140 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையில் ஒரு முறை, அது இயல்பாக இருந்தால் 24–28 வாரத்தில் மறுபடி ஒரு முறை. இரண்டாவதைத் தவறவிடாதீர்கள். குழந்தை வளர வளர நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களும் கூடி, அம்மாவின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. முதல் மூன்று மாதத்தில் இயல்பாக இருந்தவருக்கு ஆறாம் மாதத்தில் சர்க்கரை வருவது அதனால்தான்.

இன்சுலினையே அளக்காமல் ஏன் சி-பெப்டைடை அளக்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். கொடி ரத்தம் எளிதில் சிதைந்து சிவப்பணுக்கள் உடையும். உடைந்த அணுக்களிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைத் தின்றுவிடும். எண் பொய்யாகக் குறையும். சி-பெப்டைடை அது தொடுவதில்லை. இரண்டாவது, கர்ப்பத்தில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட அம்மாவின் உடலில் அதற்கு எதிர்ப்புரதங்கள் உருவாகியிருக்கலாம். அவை நஞ்சுக்கொடியைத் தாண்டிப்போய் இன்சுலின் அளவீட்டைக் குழப்பும். குழந்தையின் கணையம் ஒரு இன்சுலினைச் சுரக்கும்போது ஒரு சி-பெப்டைடும் கூடவே வெளிவருகிறது. ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது. எனவே சந்தேகத்துக்கு இடமில்லை.

கொடி ரத்தத்தில் இன்சுலின் அதிகம் என்றால் குழந்தைக்கு உடனே என்ன ஆகும்?

சர்க்கரை இறங்கும். வயிற்றுக்குள் இருந்தவரை அம்மாவின் சர்க்கரை இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. கொடியை வெட்டிய நொடியில் வரத்து நின்றது. கணையம் சுரப்பதை உடனே நிறுத்துவதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் 1–2 மணி நேரத்தில் சர்க்கரை ஓரளவு இறங்கித் தானாக ஏறும். இந்தக் குழந்தைகளுக்கு அதிகமாக இறங்கி, ஏறத் தாமதமாகும்.

இங்கே லேப் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. சி-பெப்டைடு முடிவு வரும் முன்பே இந்த ஆபத்து வந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, குழந்தை 4 கிலோவைத் தாண்டினாலோ, 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, குறைமாதமானாலோ, செய்ய வேண்டியது இது:

பிறந்து 1 மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுச் சீம்பால் கொடுங்கள். குழந்தை தோலோடு தோல் ஒட்டி, வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த குழந்தை சர்க்கரையை வேகமாக எரிக்கும். பால் கொடுத்து அரை மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பிறகு 2–3 மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்த பாலுக்குச் சற்று முன்பாகப் பாருங்கள். குத்தும் இடம் குதிகாலின் ஓரம். நடுவில் எலும்பு அருகில் இருக்கிறது. ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதைத் தொட வேண்டும். ஸ்பிரிட் ஈரம் கலந்த துளி தப்பான எண் காட்டும்.

பொதுவாக 40–45 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கினால் நடவடிக்கை தேவை. குழந்தை நன்றாக இருந்தால் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல் கிலோவுக்கு 0.5 மில்லி, 3 கிலோ குழந்தைக்கு 1.5 மில்லி. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, விரலால் தேய்த்து, உடனே பால் கொடுக்க வேண்டும். நடுக்கம், துவண்ட உடம்பு, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் ஜெல்லோடு நிற்காமல் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை நரம்பு வழியாகக் கிலோவுக்கு 2 மில்லி கொடுத்து, டிரிப்பைத் தொடர்வார்கள். சந்தேகமான எண்ணை லேபில் உறுதி செய்யும்போது சாம்பல் மூடிக் குழாயில் அனுப்புங்கள். சாதாரணக் குழாயில் வைத்தால் அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 14–18 மி.கி. வரை எண் குறைந்துவிடும்.

எங்கள் குழந்தை 2.6 கிலோதான். ஒல்லிக் குழந்தைக்கு இந்த இன்சுலின், கொழுப்புக் கவலையெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. புணேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கிராமப்புறக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புணேக் குழந்தைகளின் சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. வயிற்றுச் சுற்றளவும் கைச் சதையும் நம் குழந்தைகளுக்கு மிகக் குறைவு. ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்தபோது அந்தக் குறைவு அவ்வளவாக இல்லை. சதை போயிருக்கிறது, கொழுப்பு தங்கியிருக்கிறது. "ஒல்லி-கொழுப்புக் குழந்தை" என்று அதற்குப் பெயர் வந்தது. லண்டன் குழந்தைகளோடு கொடி ரத்தத்தை ஒப்பிட்ட அடுத்த ஆய்விலும், எடை குறைந்த இந்தியக் குழந்தைகளில் இன்சுலின் உயர்ந்தே இருந்தது.

இதனால் 2.6 கிலோ குழந்தைக்கு நோய் என்று அர்த்தமில்லை. எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக டப்பா பாலையும் மாவையும் திணித்து "தேற்றுவது" சரியான வழியல்ல என்பதுதான் பாடம். சதையும் நீளமும் கூட வேண்டும்.

லெப்டின் என்றால் என்ன? குறைவாக இருந்தால் பயப்பட வேண்டுமா?

கொழுப்பு அணுக்கள் சுரப்பது லெப்டின். நஞ்சுக்கொடியும் கொஞ்சம் சுரக்கும். குழந்தையின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அளவுகோல். கரு 28 வாரத்தில் சுமார் 1 கிலோ. கொழுப்பு சேர்வது அதற்குப் பிந்திய வாரங்களில்தான். அதனால் குறைமாதக் குழந்தைகளில் லெப்டின் மிகக் குறைவு. பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிட அதிகம். நஞ்சுக்கொடி போனதும் சில நாட்களில் அளவு சரிந்துவிடும். எனவே கொடி ரத்த எண்ணையும் பத்தாம் நாள் எண்ணையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

லெப்டின் குறைவாகப் பிறந்த குழந்தைகள் முதல் சில மாதங்களில் வேகமாக எடை போடுகிறார்கள் என்பதை 1999-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. லெப்டின் பசியை அடக்கும் ஹார்மோன். அது குறைந்தால் குழந்தை அதிகம் குடிக்கும் என்று புரிந்துகொள்ளலாம். பசியைத் தூண்டும் கிரெலினும் எடை குறைந்த குழந்தைகளில் கூடுதலாகவே இருக்கிறது. ஒரு குழந்தையின் லெப்டின் எண்ணைப் பார்த்து அது பிற்காலத்தில் குண்டாகுமா என்று சொல்ல முடியாது. அந்தத் தொடர்பு நூற்றுக்கணக்கான குழந்தைகளின் சராசரியில்தான் தெரியும். லெப்டின் குறைவுக்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை.

கொழுப்பு அணுக்கள் சுரக்கும் மற்றொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பெரியவர்களை விடப் பச்சிளங்குழந்தைகளில் அது பல மடங்கு அதிகம். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு "அபாரம்" என்றோ "ஆபத்து" என்றோ எழுதியிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

அப்படியானால் வளர்ச்சியை எதை வைத்துப் பார்ப்பது?

எடைத் தராசு, நீளம் அளக்கும் பலகை, தலைச் சுற்றளவுக்கு ஒரு டேப். எந்த ஹார்மோனை விடவும் இவை நம்பகமானவை.

முதல் சில நாட்களில் எடை 5–7 சதவீதம் குறையும். 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் பார்க்க வேண்டும். 10–14 நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். பிறகு மூன்று மாதம் வரை நாளுக்கு 20–30 கிராம். ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பு, ஒரு வயதில் மும்மடங்கு. நீளம் சுமார் 50 சென்டிமீட்டரிலிருந்து ஒரு வயதில் 75. ஒரே தராசில், துணியில்லாமல், பால் குடிப்பதற்கு முன் எடை போடுங்கள். ஈரமான நாப்கின் 100 கிராம் கூட்டிக் காட்டும். அது நான்கு நாள் வளர்ச்சிக்குச் சமம்.

கருவில் ஊட்டம் குறைந்து சிறுத்துப் பிறந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் உயரத்தில் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுவார்கள். அப்போதும் எட்டாத குழந்தையைக் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டி.எஸ்.எச். ஏன் அவ்வளவு முக்கியம்?

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை பிறக்கும்போது பார்ப்பதற்கு முழு ஆரோக்கியமாக இருக்கும். எடை, நீளம் எல்லாம் இயல்பு. அம்மாவின் தைராக்சின் ஓரளவு காப்பாற்றியிருக்கும். முகம் உப்புவது, நாக்கு தடிப்பது, மலச்சிக்கல், தொப்புள் பிதுக்கம், மஞ்சள் காமாலை நீடிப்பது எல்லாம் வாரங்கள் கழித்து வரும். அதற்குள் மூளை வளர்ச்சி பின்தங்கிவிடும். இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும். இவ்வளவு எளிய மாத்திரை இவ்வளவு பெரிய இழப்பைத் தடுக்கும் நோய்கள் குழந்தை மருத்துவத்தில் மிகச் சில.

குழந்தை பிறந்த அரை மணி நேரத்தில் டி.எஸ்.எச். தாறுமாறாக ஏறும்; 60–80 வரைகூடப் போய், இரண்டு மூன்று நாளில் தணியும். வெளிக்காற்றின் குளிருக்கு உடல் காட்டும் இயல்பான எதிர்வினை அது. அதனால் முதல் நாளில் குதிகாலில் எடுத்தால் வீண் பயம். 48–72 மணி நேரத்தில் எடுப்பது சிறந்தது; ஆனால் சுகப்பிரசவமான பலர் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கொடி ரத்தம் அந்த ஏற்றத்துக்கு முந்தையது. குழந்தையைக் குத்த வேண்டியதில்லை, யாரும் விடுபடுவதில்லை.

குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர்களின் இந்திய அமைப்பான இஸ்பே 2018-இல் தந்த வழிகாட்டுதல் சுருக்கமாக: சீரம் (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீர்) அளவில் 20 மில்லி யூனிட்/லிட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையைத் திரும்ப அழைக்க வேண்டும். 20-க்கும் 40-க்கும் இடையே என்றால் 7–10 நாளில் மறுபரிசோதனை. 40-க்கு மேல் என்றால் காத்திருக்காமல் உடனே நரம்பு ரத்தத்தில் டி.எஸ்.எச்., எஃப்.டி.4 (கட்டற்ற தைராக்சின்). குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொடி ரத்தம் போதாது. 48–72 மணியில் எடுத்து, சில வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வடிதாளில் உலர்த்திய ரத்தத்தின் எண்ணும் சீரம் எண்ணும் ஒன்றல்ல. வடிதாளில் வரும் முழு ரத்த எண்ணை 2.2-ஆல் பெருக்கினால்தான் சீரம் எண். வடிதாளில் 15 என்பது சீரத்தில் 33. இதைக் கவனிக்காமல் "20-க்குள்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவது நடக்கக்கூடிய, மன்னிக்க முடியாத தவறு.

டி.எஸ்.எச். 28 என்று வந்திருக்கிறது. குழந்தைக்குத் தைராய்டு நோயா?

பெரும்பாலும் இல்லை. நீண்ட நேரப் பிரசவ வலி, வாக்குவம் வைத்து எடுத்தது, குழந்தை மூச்சுத் திணறியது இவையெல்லாம் கொடி ரத்த டி.எஸ்.எச்.-ஐ ஏற்றும். அம்மா தைராய்டு அதிகச் சுரப்புக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் ஏறும். ஆனாலும் 7–10 நாளில் மறுபரிசோதனையைத் தவிர்க்க இவற்றில் எதுவும் காரணமாகாது. தொப்புளைப் பொவிடோன் அயோடினால் துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபரிசோதனை எண்ணும் ஏறும்; அதை நிறுத்துங்கள்.

உறுதியானால் லெவோதைராக்சின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10–15 மைக்ரோகிராம். 3 கிலோ குழந்தைக்கு 37.5 மைக்ரோகிராம் எழுதினால் 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை. இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்து நசுக்கி, சில துளித் தாய்ப்பாலில் கரைத்து, பாலாடையிலோ சங்கிலோ கொடுங்கள். பாட்டில் பாலில் கலந்தால் குழந்தை பாதியில் நிறுத்தும்போது மருந்தும் பாதி மிஞ்சும். இரும்பு, கால்சியம் சொட்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். சில மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள்.

டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பதில் ஒரு ஓட்டை உண்டு. டி.எஸ்.எச்.-ஐச் சுரப்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி; அதில் கோளாறு என்றால் டி.எஸ்.எச். ஏறாது. சர்க்கரை அடிக்கடி இறங்குவது, ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பு மிகச் சிறிதாக இருப்பது, மஞ்சள் காமாலை நீள்வது இவை சேர்ந்திருந்தால் எஃப்.டி.4-ம் கார்டிசாலும் கேட்டு வாங்குங்கள்.

ரத்தம் எடுக்கும் முறை?

கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடிப் பக்கம் மிஞ்சிய நீளத்தில் எடுப்பது வழக்கம். நஞ்சுக்கொடி வெளியே வரும் முன்பே எடுத்தால் ரத்தம் ஓட்டமாக இருக்கும்.

குத்தும் இடத்தில் ஒட்டியிருக்கும் அம்மாவின் ரத்தத்தையும் பனிக்குட நீரையும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். சிரையில், அது புடைத்து நீலமாகத் தெரியும் இடத்தில், 20 அல்லது 21 கேஜ் ஊசியைச் சாய்வாகச் செலுத்துங்கள். சிரிஞ்சின் தண்டை மெதுவாக இழுங்கள். வெட்டிய முனையைக் குழாய்க்கு மேலே பிடித்துச் சொட்டவிடுவதும், கொடியைப் பசுவின் மடிபோல் உருவிக் கறப்பதும் வேண்டாம். முதலாவதில் அம்மாவின் ரத்தம் கலக்கும், இரண்டாவதில் அணுக்கள் உடையும்.

ரத்த வாயுப் பரிசோதனையும் உண்டு என்றால் கொடியின் ஒரு துண்டை இரு முனையிலும் கிளாம்ப் போட்டுத் தனியாக எடுத்து, முதலில் தமனியிலும் பிறகு சிரையிலும் எடுங்கள். குழாய்க்கு மாற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, சுவர் ஓரமாக வழியவிடுங்கள். டி.எஸ்.எச்., சி-பெப்டைடு, லெப்டின், ஐ.ஜி.எஃப்.-1-க்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய், 3 மில்லி. கிரெலின் கேட்டிருந்தால் ஊதா மூடிக் குழாயில், நொதியைத் தடுக்கும் மருந்து சேர்த்து, பனிக்கட்டியில். சிவப்பு மூடிக் குழாயை அரை மணி நேரம் உறையவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் 3,000 சுற்றில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து சீரத்தைப் பிரியுங்கள். அன்றே அளக்க முடியாவிட்டால் சிறு குழாய்களில் பங்கிட்டு உறையவையுங்கள். ஒரே குழாயை உருக்கி, மறுபடி உறையவைத்து, மறுபடி உருக்கினால் இன்சுலின் எண்ணை நம்ப முடியாது.

இரட்டைக் குழந்தைகளுக்கு முதல் குழந்தையின் கொடியில் ஒரு கிளாம்ப், இரண்டாவதில் இரண்டு கிளாம்ப் போடுங்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு எது யாருடையது என்ற குழப்பம் வராது. குழாயில் எழுதும் பெயர் அம்மாவுடையதாக இருந்தாலும் "குழந்தை, கொடி ரத்தம்" என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு முடிவு தரும்.

கொடியைத் தாமதமாக வெட்டச் சொல்கிறார்கள். அப்புறம் ரத்தம் கிடைக்குமா?

கிடைக்கும். 1 முதல் 3 நிமிடம் காத்திருக்கும்போது 80–100 மில்லி குழந்தைக்குப் போகிறது. அதிலிருக்கும் இரும்புதான் ஆறு மாதம் வரை குழந்தையைச் சோகையிலிருந்து காக்கிறது. மிச்சத்தில் 5 மில்லி எளிதாக எடுக்கலாம். பரிசோதனைக்காகக் கொடியை முன்கூட்டியே வெட்டச் சொல்பவர்களுக்கு இணங்க வேண்டாம்.

அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எண்ணைப் பாதிக்குமா?

முடி உதிர்வுக்கு எடுக்கும் பயோட்டின் மாத்திரை, 5–10 மில்லிகிராம் அளவில், சில இயந்திரங்களில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். பிரசவத்துக்கு முன் வரை சாப்பிட்டிருந்தால் லேபில் சொல்லுங்கள். குறைமாதப் பிரசவ அபாயத்துக்காகப் போடும் பீட்டாமெத்தசோன் ஊசி குழந்தையின் கார்டிசாலை அடக்கும். அது நுரையீரலுக்கு அவசியமானது என்பதால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள், தாளில் மட்டும் குறித்துவையுங்கள்.

சிசேரியன் என்றால் எண்கள் மாறுமா?

கார்டிசால் மாறும். வலி வந்து பிறந்த குழந்தைக்கு அதிகம், வலி வராமல் தேதி குறித்துச் செய்த சிசேரியனில் குறைவு. இரண்டும் இயல்பே.

ஆரோக்கியமான குழந்தைக்கு இன்சுலின், லெப்டின், ஐ.ஜி.எஃப். எல்லாம் சேர்த்துப் பார்க்கப் பணம் கட்டலாமா?

வேண்டாம். அவை ஆய்வுக்கு மதிப்புள்ளவை. உங்கள் குழந்தைக்குச் செய்ய வேண்டிய எதையும் மாற்றாதவை. அந்தப் பணத்தில் அம்மா பிரசவமாகி 6 வாரத்தில் தனக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். குழந்தை பிறந்ததும் எல்லோரும் மறந்துபோவது இதைத்தான்.

கொடி ரத்த வங்கியில் சேமித்தால் இந்தப் பரிசோதனைகளும் நடக்குமா?

இல்லை. அங்கே சேமிப்பது ரத்தத்தை உருவாக்கும் மூல செல்களை. ஹார்மோன்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வருங்காலத்தில் தன் குழந்தைக்கே பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. டி.எஸ்.எச். எடுத்தார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

டி.எஸ்.எச். முடிவு வரும் முன்பே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போகலாமா?

போகலாம். கிளம்பும் முன் மூன்று விஷயங்களை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்: ரத்தம் எடுத்த தேதி, முடிவு எந்த நாள் வரும், எந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் பெண்கள் பதிவேட்டில் கணவர் வீட்டு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். திரும்ப அழைக்க வேண்டிய குழந்தை தவறிப்போக அதுவே போதும். அம்மா பக்கத்து எண் ஒன்றையும் கொடுங்கள். ஐந்து நாளில் யாரும் அழைக்கவில்லை என்றால் "நல்லதாகத்தான் இருக்கும்" என்று இருந்துவிடாமல் நீங்களே அழைத்து, எண்ணையும் அது சீரமா வடிதாளா என்பதையும் கேட்டு, தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.